வெளி மரத்துக்குப் பூச்சு அடிக்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

ஹட்டன்: அண்ணே, இஸ்தோப்பு (வராந்தா) தூண் எல்லாம் கறுத்துப் போய்விட்டது. இது அழுக்கா, பூஞ்சணமா?

துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கறுப்பின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம், அப்படியே இருந்தால் அழுக்கு. அழுக்குக்குச் சவர்க்காரத் தண்ணீரும் தும்பு பிரஷும் போதும். பூஞ்சணம் என்றால் அதே கலவையைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிடுங்கள். அதைக் கொல்லாமல் மேலே வார்னிஷ் அடித்தால் உள்ளிருந்தே வளரும். பக்கத்தில் பூச்செடி இருந்தால் முதலில் அதற்குத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

பண்டாரவளை: எந்த மாதத்தில் தொடங்கலாம்? ஹட்டனில் உள்ள மாமா பெப்ரவரி என்கிறார்.

மாமா சொல்வது அவர் பக்கத்துக்குச் சரி. ஹட்டன், மஸ்கெலியாவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பெப்ரவரி, மார்ச்தான் அங்கே மரம் காயும் காலம். உங்கள் ஊவாப் பக்கத்தில் அந்த மழை மலைக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடும், உங்கள் பக்கம் வறண்ட கச்சான் காற்றுதான் வீசும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செய்யுங்கள்.

நம் ஊர்களில் பூச்சு உரிவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். கழுவிய பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். மூடுபனி நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மர பாஸிடம் (தச்சரிடம்) மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுங்கள். பூச்சு அடிக்கும் நாளிலும் காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

மஸ்கெலியா: பிரஷர் வொஷரால் அடித்துக் கழுவலாமா?

வேண்டாம் தம்பி. மரநார் கிளம்பிப் பஞ்சு போல நிற்கும், தண்ணீரும் ஆழமாக இறங்கும்.

நுவரெலியா: ஆணிகளைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கறை. பிளீச்சுக்குப் போகவில்லையே?

போகாது அக்கா. இரும்பும் மரத்தில் இயல்பாகவே உள்ள தனின் என்ற பொருளும் சேர்ந்த கறை அது. ஒட்சாலிக் அமிலத்தூள் சுமார் 100 கிராமை ஒரு லீற்றர் வெந்நீரில் கரைத்துப் பூசி, கறை மங்கியதும் கழுவுங்கள். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஏற்கெனவே பிளீச் போட்ட இடத்தை முழுதாக அலசிய பிறகே இதைத் தொடுங்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். ஆணியையும் துருப்பிடிக்காததாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறை திரும்ப வரும். கம்பி பிரஷால் மட்டும் தேய்க்காதீர்கள். உதிரும் இரும்புத்தூள் ஒவ்வொன்றும் புதிய கறை.

தலவாக்கலை: சேண்ட்பேப்பர் எத்தனையாம் இலக்கம்?

80, அப்புறம் 120, அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய்ப் பூச்சு உள்ளே இறங்காது. வெயிலில் நரைத்த மேல்தோல் முழுதும் போய் மரத்தின் சொந்த நிறம் தெரிய வேண்டும். அந்த நரைத்த தோல் செத்த நார், பூச்சோடு சேர்ந்தே கழன்றுவிடும். பழைய பங்களா ஜன்னல் என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பதுளை: வேலிக்கம்பத்தில் பழைய எஞ்சின் ஒயில் அடித்திருக்கிறோம். மேலே பெயின்ட் பிடிக்குமா?

பிடிக்காது. ஒயில் ஊறிய மரத்தைச் சீவி எடுக்க வேண்டும், அல்லது கம்பத்தை அப்படியே விட்டுவிடலாம்.