கோடீன் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்காக இபுப்ரோஃபெனும் கோடீனும் கலந்த மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டில் தொடங்கி இப்போது தினமும் 16 ஆகிவிட்டது. வயிறு எரிகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. இபுப்ரோஃபென்தான் வயிற்றைக் கெடுக்கும் என்று படித்தேன். கோடீன் மட்டும் உள்ள மாத்திரை ஓர் இணையதளத்தில் கிடைக்கிறது. அதற்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். இபுப்ரோஃபென் வயிற்றைக் கெடுக்கும் என்பது சரிதான். ஆனால் இரண்டைப் பதினாறாக ஏற்றிவிட்டது கோடீன். அதைத்தான் நீங்கள் தனியாக வாங்கப் பார்க்கிறீர்கள்.

கோடீனில் ஒரு பங்கு கல்லீரலில் மார்ஃபினாக, அதாவது அபினிலிருந்து எடுக்கும் பழக்கமாகக்கூடிய வலிமருந்தாக, மாறுகிறது. உடம்பு அதற்குப் பழகிவிட்டால் அதே நிம்மதிக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும். கேட்கிறபோதெல்லாம் கூட இருக்கும் மருந்தும் சேர்ந்து உள்ளே போகும். ஒரு மாத்திரையில் 200 மி.கி. இபுப்ரோஃபென் என்று வைத்தால் உங்கள் கணக்கு நாளுக்கு 3200 மி.கி. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுபவருக்கு 1200தான் உச்சம். வயிற்றில் புண் வந்து சிறுகச் சிறுக ரத்தம் கசிந்தால் ரத்தசோகை வரும். உங்களுக்கு மூச்சு வாங்குவது அதனாலும் இருக்கலாம். சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, கைகால் தூக்க முடியாமல் போனவர்களும் உண்டு. பாராசிட்டமால் கலந்த வகைக்குத் தாவலாம் என்றும் நினைக்காதீர்கள். அதில் நாளுக்கு 4 கிராம் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து, முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியவும் தெரியாது.

அந்த இணையதளத்துக்கு வருகிறேன். நாலு கேள்விக்கு டிக் அடித்தால் மாத்திரை அனுப்புகிறவர்கள் மருந்தகம் நடத்தவில்லை, வியாபாரம் செய்கிறார்கள். படத்தில் கோடீன் என்று போட்டிருக்கும், வருகிற மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. போலி வலி மாத்திரைகளில் ஃபென்டனில், நைட்டசீன் போன்ற, மார்ஃபினைவிடப் பல மடங்கு கடுமையான மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மாத்திரையில் மூச்சு நின்றுபோகக்கூடிய சரக்கு அது. இவர்களுக்கு அண்ணன் தம்பி போல இன்னொரு கூட்டம் இருக்கிறது: 'ஒரே வாரத்தில் பழக்கத்திலிருந்து விடுதலை' என்று முன்பணம் கேட்பவர்கள். அங்கேயும் போகாதீர்கள்.

'கடையில் வாங்கியதுதானே' என்று நீங்கள் நம்பியதில் தப்பில்லை. பிரிட்டனில் இந்த மாத்திரைப் பெட்டிகளில் 'மூன்று நாளுக்கு மட்டும், பழக்கமாகலாம்' என்று அச்சிடுகிறார்கள். வாங்குகிறவர் நாலாவது கடைக்குப் போனால் யார் எண்ணுவது? ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரியில்தான் கோடீனுக்கு மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கியது. அதுவரை எத்தனை பேர் வயிற்றுப் புண்ணோடு அலைந்தார்களோ!

குறைந்த அளவில் ஓரிரு நாள் சாப்பிட்டால் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை என்பார்கள். ஆனால் பாலூட்டும் தாய்க்கு அந்தச் சலுகையும் கிடையாது. சிலருக்குப் பிறவியிலேயே கோடீன் மிக வேகமாக மார்ஃபினாக மாறும். பார்த்தாலோ, மருத்துவர் தொட்டுப் பார்த்தாலோ இது தெரியாது. அந்த மார்ஃபின் தாய்ப்பாலில் இறங்கினால் குழந்தை எழுப்ப முடியாமல் தூங்கும், பால் குடிக்காது, மூச்சு மந்தமாகும். குழந்தை இறந்ததாகவும் மருத்துவப் பதிவு இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் பாலூட்டும் தாய்மாருக்குக் கோடீன் வேண்டாம் என்று எச்சரித்தது. அரை மாத்திரைதானே, நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் பாலூட்டும் தாய் ஒருவர் இருந்தால் இந்த மாத்திரையை அவர் கைக்கு எட்டவிடாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். 16 என்ற எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் சிகிச்சையும் பாதிதான் கிடைக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார். இபுப்ரோஃபெனை உடனே நிறுத்தச் சொல்லலாம். கோடீனைத் திடீரென்று நிறுத்தினால் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடல்வலி, தூக்கமின்மை என்று படுத்தும், அதனால் அதைப் படிப்படியாகக் குறைப்பார் அல்லது அதற்குப் பதிலாக, பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுப்பார். அப்புறம், அந்தத் தலைவலி. மாதத்தில் பத்து நாளுக்கு மேல் மூன்று மாதத்துக்கும் அதிகமாக இந்த மாத்திரையைப் போட்டாலே அதனால் தலைவலி வரலாம், ஆகவே இன்று உங்களுக்கு வருவது பழைய தலைவலியா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, கைகால் தளர்ந்து எழ முடியாவிட்டாலோ முன்பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.