சரயேவோ முதல் வெர்சாய் வரை: முதல் உலகப் போர் கேள்வி பதில்

முதல் உலகப் போரைப் பற்றி என்ன தோன்றினாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: சார், ஓர் இளவரசரைச் சுட்டதால் போர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஓர் ஆளைச் சுட்டதற்கா இத்தனை நாடுகள் அடித்துக்கொண்டன?

1914 ஜூன் 28, சரயேவோ. காலையில் எறிந்த வெடிகுண்டு ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டுக்குத் தப்பிப் பின்னால் வந்த காரின் கீழ் வெடித்தது. அதில் காயம்பட்டவரை மருத்துவமனையில் பார்க்கக் கிளம்பியபோது ஓட்டுநர் வேறு தெருவில் திருப்பிவிட்டார். வண்டியை நிறுத்திய இடத்தில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் கைத்துப்பாக்கியோடு நின்றான். இளவரசரும் மனைவி சோபியும் இறந்தார்கள்.

'அந்த ஓட்டுநர் மட்டும் சரியாகப் போயிருந்தால்' என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் ருசி இல்லை. அந்தச் சூட்டுக்கும் பிரிட்டன் போரில் இறங்கியதற்கும் நடுவே 37 நாள் இருக்கிறது. பார்க்க வேண்டியது அந்த 37 நாளை.

ஜூலை 5 அன்று ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம், 'என்ன செய்தாலும் நாங்கள் உங்கள் பக்கம்' என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தார். கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, ஜூலை 23 அன்று ஆஸ்திரியா அதற்கு நிபந்தனைகளோடு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலும் ஒத்துக்கொண்டது. எங்கள் மண்ணில் உங்கள் அதிகாரிகள் விசாரிக்க முடியாது என்பதில்தான் நின்றது. அந்தப் பதிலைப் படித்த கெய்சரே, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதினார். அவர் எழுதிய அதே ஜூலை 28 அன்றுதான் ஆஸ்திரியா போர் அறிவித்தது.

அப்புறம் ரயில் அட்டவணைகள் முந்திக்கொண்டன. செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனியின் கையில் இருந்ததோ ஒரே திட்டம்: ரஷ்யா மெதுவாகத்தான் எழுந்து வரும், அதற்குள் ஆறே வாரத்தில் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். ஆகஸ்ட் 1 மாலை, பிரான்சை விட்டுவிட்டு எல்லாப் படையையும் ரஷ்யாவின் பக்கம் திருப்ப முடியுமா என்று கெய்சர் கேட்டார். லட்சக்கணக்கானவர்களின் பயணம் வகுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. பிரான்சுக்குப் போகும் வழி பெல்ஜியம். அதன் நடுநிலைமைக்கு 1839லேயே கையெழுத்துப் போட்டிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று இறங்கியது.

கேள்வி: அப்போ தப்பு முழுக்க ஜெர்மனி மேல்தானா?

முழுக்க இல்லை. ரஷ்யாவும் பிரான்சும் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் பெரிய போராக முற்றலாம் என்று தெரிந்தே துணிந்தவர்கள் வியன்னாவிலும் பெர்லினிலும் இருந்தார்கள் என்பது என் கட்சி. வரலாற்றாசிரியர்கள் நூறு வருடமாகச் சண்டை போடும் விஷயம் இது, உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதுங்குகுழியில் வருடக்கணக்கில் எப்படி இருந்தார்கள்? சாப்பாடு, குளியல் எல்லாம்?

வருடக்கணக்கில் ஒரே குழியில் யாரும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் படையில் முன்வரிசையில் சில நாள், அதன் பின்னால் இருக்கும் குழியில் சில நாள், பிறகு ஊர்ப்பக்கம் ஓய்வு என்று முறை வைத்திருந்தார்கள். குழி நேராகவும் இருக்காது, வளைந்து வளைந்து போகும். குண்டு ஒன்று உள்ளே விழுந்தால் அந்த வளைவோடு சேதம் நிற்க வேண்டும் என்பதற்காக.

பகலில் தலை தூக்கினால் சுடுவார்கள், எனவே வேலை எல்லாம் ராத்திரிதான்: முள்கம்பி கட்டுவது, மண்மூட்டை அடுக்குவது, சாப்பாடு சுமந்து வருவது. டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி, ஊறவைத்தோ உடைத்தோதான் தின்ன முடிகிற பிஸ்கட். தண்ணீர் பெட்ரோல் டின்களில் வந்தது. ஆகவே தேநீரிலும் பெட்ரோல் வாடை.

சீலைப்பேனைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சட்டை, கால்சட்டைத் தையல் மடிப்புகளில் வரிசையாகக் குடியிருக்கும். ஓய்வு கிடைத்தால் சட்டையைக் கழற்றி, மெழுகுவத்திச் சுடரைத் தையலோரமாக ஓட்டிப் பொசுக்குவார்கள், துணியில் தீப்பிடிக்காமல். ஓய்வுக்குப் போகும் இடத்தில் பீர் ஆலைத் தொட்டிகளில் வெந்நீர்க் குளியல் உண்டு. அந்த நேரத்தில் உடுப்பை ஆவியில் வைத்து எடுப்பார்கள். மடிப்பில் தப்பிய முட்டைகள், திரும்ப உடுத்திய சில மணி நேரத்தில் உடம்புச் சூட்டிலேயே பொரிந்துவிடும். பல லட்சம் பேரைப் படுக்கவைத்த 'பதுங்குகுழிக் காய்ச்சல்' இந்தப் பேனால்தான் பரவியது என்று 1918ல்தான் உறுதியானது.

ஈரத்திலேயே நின்று நின்று பாதம் அழுகும், விரலை வெட்ட வேண்டி வரும். அதற்காகத் திமிங்கில எண்ணெயைத் தேய்க்கச் சொன்னார்கள். ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துக்கொள்ள இரண்டிரண்டு பேராகப் பிரித்தும் விட்டார்கள்.

கேள்வி: இத்தனை லட்சம் பேர் இருந்தும் ஏன் நாலு வருடம் யாருமே முன்னேறவில்லை?

தாக்குபவன் குண்டுகள் குழி பறித்த சேற்றில் நடந்து வர வேண்டும். தடுப்பவனுக்கு உதவிப்படை ரயிலில் வந்து இறங்கும். இதற்கு மேல் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும். பிரான்சில் நடந்த சோம் சண்டையில் பிரிட்டிஷார் ஒரு வாரம் பீரங்கியால் அடித்துவிட்டு 1916 ஜூலை 1 அன்று எழுந்து நடந்தார்கள். ஜெர்மானியர்கள் ஆழமான நிலவறைகளில் உயிரோடு இருந்தார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் மட்டும் 19,240.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா 'மெசபடோமியா போனார்' என்று வீட்டில் சொல்வார்கள். எங்கே தேடலாம் ஐயா?

இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் கடல் கடந்து போனார்கள், ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. முதலில் 1914 குளிர்காலத்துக்குள் பிரான்ஸ், பெல்ஜியம். 1915 கடைசியில் காலாட்படையில் பெரும்பகுதியை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மாற்றினார்கள். ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சேப்பர்ஸ் அங்கே பாலமும் பாதையும் போட்டார்கள். கூட் நகரத்தில் துருக்கியரின் முற்றுகையில் மாட்டியவர்களுக்குக் கடைசியில் குதிரைக்கறிதான் மிச்சம். இந்தியச் சிப்பாய்கள் பலர் வெகுநாள் அதைத் தொடவில்லை. 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஏராளமானோர் பாலைவன நடையிலும் முகாம்களிலும் இறந்தார்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பி வந்தவர் என்றால் முதலில் வீட்டுப் பரணில் பதக்கம் இருக்கிறதா பாருங்கள். வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அந்த எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எம்டன் சென்னையில் குண்டு போட்டது இந்தப் போரில்தானே?

ஆமாம், அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்தை ஒட்டிய பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் எரிந்தன. ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் ஏராளம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது.

கேள்வி: நச்சுவாயுவைக் கண்டுபிடித்தவருக்கா நோபல் பரிசு கொடுத்தார்கள்?

பரிசு வாயுவுக்கு இல்லை. காற்றிலிருந்து அம்மோனியா எடுத்ததற்காக 1918க்கான வேதியியல் நோபல் ஜெர்மானியர் பிரிட்ஸ் ஹேபருக்குப் போனது. இன்று வயலில் தூவும் யூரியாவுக்கும் அந்த அம்மோனியாதான் மூலம், அன்றைய வெடிமருந்துக்கும் அதுதான். அதே ஹேபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரம் அருகே குளோரின் உருளைகளைத் திறக்க முன்னின்றவர். குளோரின் காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தங்கும். முதல் நாட்களில் முகமூடி இல்லாமல் சிறுநீரில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். வாயுவால் இறந்தவர்கள் சுமார் 90,000. பீரங்கி கொன்றதோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்கு. ஆனால் நுரையீரலோ கண்ணோ கெட்டுப்போய் ஊர் திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கேள்வி: வெர்சாய் ஒப்பந்தம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது, சரியா?

அந்த ஓட்டுநர் கதை மாதிரிதான் இதுவும். போரில் வென்ற நாடுகள் ஜெர்மனியோடு 1919 ஜூன் 28 அன்று போட்ட ஒப்பந்தம் கடுமையானது, மறுக்கவில்லை. போரின் பொறுப்பு ஜெர்மனி மேல், படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது, பின்னர் 1921ல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று பணம் காகிதமானது.

ஆனால் தேர்தல் கணக்கைப் பாருங்கள். 1928ல் நாஜிகளுக்கு வாங்க முடிந்தது 2.6 சதவீத ஓட்டு. ஒப்பந்தம் அப்போதும் இருந்தது. 1932 ஜூலையில் 37 சதவீதம். நடுவில் வந்தது 1929 பொருளாதார வீழ்ச்சியும் லட்சக்கணக்கான வேலையிழப்பும்.

இன்னொன்று எனக்கு ஆத்திரம் மூட்டுவது. 1918 செப்டம்பர் கடைசியில், போர்நிறுத்தம் கேட்டே ஆகவேண்டும் என்று சொன்னது தளபதி லூடன்டார்ப். கையெழுத்துப் போடப் போனது எர்ஸ்பெர்கர் தலைமையிலான குழு, அவர் அரசியல்வாதி. அடுத்த வருடமே லூடன்டார்ப்பின் மேலதிகாரி ஹிண்டன்பர்க், படையை உள்நாட்டு ஆட்களே முதுகில் குத்திவிட்டார்கள் என்று சாட்சி சொன்னார். 1921ல் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பொய்யை ஹிட்லர் கடைசிவரை பயன்படுத்தினார்.

கேள்வி: அடுத்த மாதம் பெல்ஜியம் போகிறோம். ஈப்ர பக்கம் இன்னும் குண்டு கிடைக்குமாமே, நிஜமா?

நிஜம். உழும்போது இன்னும் மேலே வருகிறது. விவசாயிகள் எடுத்துச் சாலையோரம் வைப்பார்கள், ராணுவ வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வாயு நிரப்பிய குண்டுகளும் அதில் உண்டு, வெளியிலிருந்து பார்த்து நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. வயல்வெளியில் துருப்பிடித்த இரும்பு எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். மாலை எட்டு மணிக்கு ஈப்ர நகரின் போர் நினைவுச்சின்னமான மெனின் வாயிலில் எக்காளம் ஊதுவார்கள், கூட்டம் இருக்கும், கொஞ்சம் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள்.