மட்டம் ஏறினால் ஆறு வேகமெடுக்குமா?

கேள்வி: பூண்டி ஏரியைத் திறந்தால் எங்கள் பக்கம் கொசஸ்தலையாறு கரையைத் தொட்டு ஓடுகிறது. ஒரு சமயம் பயங்கர வேகம். இன்னொரு சமயம் அதே உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. மட்டம் உயர்ந்தால் வேகம் கூடுமா, கூடாதா?
- வாசகி, மணலி புதுநகர்

பதில்: தண்ணீர் எதனால் ஏறியது என்று முதலில் பாருங்கள். மேலேயிருந்து கூடுதலாக வந்து ஏறினால் வேகம் கூடும். கீழே போக வழியில்லாமல் தேங்கி ஏறினால் குறையும். உங்கள் ஊர் கடலை ஒட்டி இருப்பதால் இரண்டும் நடக்கிறது.

ஆற்றை ஓட வைப்பது சரிவு, ஓடவிடாமல் பிடிப்பது தரையும் கரையும். ஆழம் குறைவென்றால் ஏறக்குறைய மொத்தத் தண்ணீருக்கும் அந்த உரசல் உறைக்கும். ஆழம் கூடக் கூட, தரைக்கு எட்டத்தில் போகும் தண்ணீர் அதிகமாகி ஆறு வேகம் பிடிக்கிறது. இதைக் கணக்கிட, 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி அகலமான ஆற்றில், சரிவு மாறாமல், ஆழம் 4 அடியிலிருந்து 8 அடியானால் வேகம் சுமார் 1.6 மடங்காகும், இரண்டு மடங்கெல்லாம் ஆகாது. ஆனால் ஆழமும் இரட்டிப்பு, வேகமும் கூடுதல் என்பதால் போகிற தண்ணீரின் அளவு 3 மடங்கைத் தாண்டிவிடும். கரை புரண்டு தெருவுக்குள் வந்துவிட்டாலோ கதை வேறு, வீடு, மதில், சீமைக்கருவேலம் என்று எல்லாவற்றிலும் முட்டி அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், நடு ஆறு மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

சரி, நிற்கிற மாதிரி இருக்கும் நாள்? சரிவு என்றால் ஆற்றுத் தரையின் சரிவை மட்டும் நினைக்காதீர்கள், தண்ணீரின் மேல்மட்டம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். மணலிக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் நடுவே நிலம் கிட்டத்தட்ட சமதரை. அந்த நேரம் பார்த்துக் கடல் ஏறியிருந்தால், அல்லது முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தால், இருக்கிற கொஞ்சநஞ்சச் சாய்வும் போய்விடும். ஆறு நிரம்பியிருக்கும், ஓடாது. நம் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், புயல் காற்று கரையை நோக்கித் தள்ளினால் அதற்கும் மேல். ஏரியில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மட்டும் டிவியில் சொல்கிறார்களே, கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களைப் போன்றவர்களுக்குப் பாதியாவது பயன்படும் என்பது என் கட்சி.

இன்னொன்று: வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போதும் வடியும்போதும் மட்டம் ஒரே அளவு காட்டலாம், வேகம் ஒன்றாக இருக்காது. ஏறும்போது மேல்பக்கத் தண்ணீர் உயர்ந்து மேல்மட்டம் அதிகம் சாய்ந்திருக்கும், அதனால் வேகம் சற்றுக் கூடுதல்.

கேள்வி: முட்டியளவு தண்ணீர்தானே என்று தரைப்பாலத்தைக் கடக்கிறார்கள். தொடையளவு வந்தால் இரண்டு மடங்கு ஆபத்து, அவ்வளவுதானே?
- வாசகர், எர்ணாவூர்

பதில்: இல்லை. தண்ணீர் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். ஆழம் இரட்டித்து வேகம் 1.6 மடங்கானால் ஒரே அளவு பரப்பில் விசை இரண்டரை மடங்கு. காலில் தண்ணீர் படும் பரப்பும் இரட்டிப்பு, ஆக மொத்தம் தோராயமாக 5 மடங்கு. போதாக்குறைக்கு உடம்பைத் தண்ணீர் கொஞ்சம் தூக்கிவிடுவதால் காலுக்குப் பிடிமானமும் குறையும். பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம், தண்ணீர் மோத அவர்கள் கூடுதலாக ஒரு வண்டியையும் குறுக்கே நிறுத்துகிறார்கள்.