'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' என்ற அமெரிக்கத் திகில் படத்தின் தொடர்ச்சிப் படங்களை இப்போது மறுபடியும் பார்க்கலாமா, முதல் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

பார்க்கலாம், அதுவும் வரிசை மாறாமல் பார்க்கலாம். ஏழாம் பாகத்தில் கொலைக் காட்சிகள் பாதியில் அறுந்து போகும்போது மட்டும் அதற்காக யாரையும் திட்டிவிடாதீர்கள். நான் ஒருவரைத் திட்டியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான், இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் 1980ஆம் ஆண்டு வெளிவந்த முதல் படத்தை அண்மையில் பார்த்திருப்பீர்கள் என்றும், டி-ஷர்ட்டுகளில் காணும் ஹாக்கி முகமூடிக்காரனைப் படம் முழுக்கத் தேடி ஏமாந்திருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அந்தப் படத்தில் கொலைகளைச் செய்பவர், ஏரியில் மூழ்கிய சிறுவன் ஜேசனின் தாயான பமீலா வூர்ஹீஸ். (நாற்பத்தைந்து ஆண்டுப் பழைய படத்தின் முடிவைச் சொல்லிவிட்டதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) ஜேசன் வளர்ந்த ஆளாகக் கொலைக்கு இறங்குவது 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான், அங்கும் அவன் தலையில் இருப்பது ஒற்றைக் கண்ணுக்கு ஓட்டையிட்ட துணிப்பை. முகமூடி 1982இல் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. ஆகவே முதல் படத்தோடு நிறுத்திக்கொள்வது, கதாநாயகன் அறிமுகமாகும் முன்பே கொட்டகையை விட்டு எழுந்து வருவதற்குச் சமம்.

இனி என் கதை. 1991ஆம் ஆண்டு, பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறை. திருச்சியில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து வந்து, பெற்றோர் விரும்பிய தமிழ்ப் படங்கள் முடிந்து அவர்கள் உறங்கப் போன பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் மூன்றாவது கேசட்டைப் போடுவது வழக்கம். அன்று எங்களுக்குக் கிடைத்தது 1988ஆம் ஆண்டின் ஏழாம் பாகம். பல கைகள் மாறிய நகல் என்பதால் திரையின் அடிப்பகுதியில் வெள்ளைக் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. அண்ணன் டிராக்கிங் திருகின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பொறுத்துக்கொண்டோம். எங்களால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஜேசன் ஆயுதத்தை ஓங்குவான், அடுத்த கணம் வேறு காட்சி வந்துவிடும். ஸ்லீப்பிங் பேக்கிற்குள் ஒடுங்கிக் கிடக்கும் பெண்ணைப் பையோடு இழுத்துச் சென்று, தூக்கி, மரத்தில் ஒரே ஓர் அடி அடிப்பான், அத்தோடு முடிந்தது. படம் நெடுக இப்படியே வந்ததால், கடைக்காரர்தான் 'அந்த இடங்களை' வெட்டி வைத்திருக்கிறார் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை கடையில் கேசட்டை மேசைமேல் எறிந்து, "ஏண்ணே, முழுப் படத்துக்குக் காசு வாங்கிட்டுப் பாதிப் படம் தர்றீங்களா?" என்று கேட்டோம். அவர் கேசட்டின் மூடியை விரலால் நெம்பித் திறந்து, நாடாவை வெளிச்சத்தில் காட்டி, "தம்பி, எங்கயாவது ஒட்டு இருக்கா பாருங்க. வெட்டி ஒட்டினா டெக்கோட ஹெட்டு போயிடும். என் டெக்கை நானே கெடுத்துக்குவேனா? எனக்கு வந்ததே அப்படித்தான்" என்றார். நியாயமான விளக்கம். ஆயினும் நாங்கள் கேட்கவில்லை. கேசட் வாடகை பத்து ரூபாயைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கியதோடு நில்லாமல், அந்தக் கடையில் வெட்டிய படம்தான் கிடைக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தோம்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில், எண்பதுகளின் எட்டுப் பாகங்களும் அடங்கிய வட்டுத் தொகுப்பை வாங்கி, இரவுக்கு ஒன்றாக மகனோடு பார்த்தேன். அவனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது; பிள்ளைக்கு இரத்தக்களரி காட்டும் தகப்பன் என்று எழுத வருவோர் இதைக் கவனத்தில் கொள்ளவும். வட்டு ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பீர்களானால், இணையத் தளங்களில் இரண்டு பாகம் இருந்தால் நான்கு பாகம் இருப்பதில்லை. சந்தா கட்டிய பிறகு 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்ற ஒற்றை வரியைக் காட்டுகிறார்கள். கேசட் கடைக்காரராவது கேசட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் காசு கேட்டார்.

வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிந்தது: முதல் படத்தில் உள்ள அளவு இரத்தம் பின்னால் வந்தவற்றில் இல்லை. சுமார் 5.5 லட்சம் டாலரில் எடுத்து, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஈட்டிய அந்தப் படம், டாம் சாவினியின் ஒப்பனை வித்தைகளோடு பெரிதாகச் சேதமில்லாமல் 'ஆர்' சான்றிதழ் (சிறார் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்பது) பெற்றுவிட்டது. அதற்கு எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு அமெரிக்கத் தரமதிப்பீட்டுக் குழு விழித்துக்கொண்டது. அங்கே சட்டப்படியான தணிக்கை கிடையாது. ஆனால் அந்நாளில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற 'எக்ஸ்' வந்துவிட்டால் பல கொட்டகைகள் படத்தை எடுத்ததில்லை, பல செய்தித்தாள்கள் விளம்பரத்தை வாங்கியதில்லை என்பதால், 'ஆர்' கிடைக்கும் வரை தயாரிப்பாளர்களே வெட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் பாகத்திலேயே இந்த வேலை தொடங்கிவிட்டது. ஏழாம் பாகம்தான் கொத்துக்கறியானது. அதை இயக்கிய ஜான் கார்ல் பெக்லர் ஒப்பனைக் கலைஞராக இருந்து இயக்குநரானவர் என்பதால், அவருடைய கைத்திறன் முழுவதும் கத்தரிக்கு இரையாயிற்று என்றே சொல்லலாம்.

அப்படியானால் எதற்காகப் பார்க்க வேண்டும்? இரண்டாம் பாகத்தை ஜின்னிக்காகப் பாருங்கள். குழந்தை உளவியல் படிக்கும் அந்தப் பெண், வேறு வழியில்லாத நிலையில் ஜேசனின் இறந்த தாய் பமீலாவின் ஸ்வெட்டரை அணிந்துகொண்டு, அந்தத் தாயின் குரலில் அவனை அதட்டி நிற்க வைக்கிறாள். ஓங்கிய கையோடு அவன் ஒரு கணம் பிள்ளையாகிவிடுவது இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். மூன்றாம் பாகம் 3டி படம் என்பதை நினைவில் வைக்காவிட்டால், துணிக்கொடிக் கம்பும் யோ-யோவும் சோளப்பொரியும் ஏன் ஓயாமல் நம் முகத்தை நோக்கி வருகின்றன என்று குழம்புவீர்கள். 1984 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை 'இறுதி அத்தியாயம்' என்ற பெயரில் வந்த நான்காம் பாகம் நல்ல படம். ஒப்பனைக் கலைஞர் சாவினி திரும்பி வந்து, தான் வளர்த்த பிள்ளையான ஜேசனைத் தானே ஒழித்துக்கட்டினார். ஆனால் ஓராண்டு ஆவதற்குள் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. அதில் முகமூடிக்குள் இருப்பது ஜேசனே இல்லை. இதை இன்று சிலர் துணிச்சல் என்கிறார்கள்; நான் இன்னும் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

ஆறாம் பாகத்தைத் தவறவே விடாதீர்கள். 1986இல் டாம் மெக்லாஃப்லின் எழுதி இயக்கிய அந்தப் படத்தில், கல்லறையைத் தோண்டிப் பிணத்தில் செருகிய இரும்புக் கம்பியில் மின்னல் இறங்கி ஜேசன் எழுகிறான். அதைத் தொடர்ந்து, ஜேம்ஸ் பாண்ட் போல நடந்து வந்து திரும்பிக் கத்தியை வீசுகிறான். கதை நடக்கும் ஏரிக்கரைக் கோடை முகாமில் முதன்முறையாக உண்மையிலேயே குழந்தைகள் இருக்கிறார்கள். வெளியே சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் பதுங்கிய இரண்டு சிறுவர்களில் ஒருவன், 'வளர்ந்து என்னவாக ஆவதாக இருந்தாய்?' என்று மற்றவனைக் கேட்கும்போது என் மகன் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்து வந்துவிட்டாள். கத்தரிக்குச் சிக்காத ஒன்றான நகைச்சுவையை இவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. எட்டாம் பாகம் ஜேசன் மன்ஹாட்டனுக்குப் போவதாகப் பெயர். ஒரு மணி நேரத்துக்கு மேல் கப்பலிலேயே ஓடிவிடுகிறது. சலவை மடித்துக்கொண்டே பார்க்கலாம்.

ஏழாம் பாகத்துக்கு வருகிறேன். தெளிவான வட்டுப் பிரதியிலும் அதே இடங்களில் அதே துண்டிப்புகள், மரத்தில் அதே ஓரடி. படம் முடிந்ததும் வட்டின் கூடுதல் பகுதியில், நீக்கப்பட்ட காட்சிகள் என்று ஒன்றிருந்ததைத் திறந்தேன். மூலப் படச்சுருள் பிழைக்காததால், வெட்டிய காட்சிகள் ஒரு பழைய வீடியோ நகலில்தான் மிஞ்சியிருக்கின்றன: வெளிறிய நிறம், அடியில் நெளியும் வெள்ளைக் கோடுகள். "அப்பா, ஃபைல் கெட்டுப்போயிருக்கா?" என்றான் மகன். எங்கள் டெக்கில் ஓடிய அதே படம் போலவே இருந்தது. அதில் ஜேசன் அந்தப் பையை மரத்தில் மீண்டும் மீண்டும் அடிக்கிறான், நிறுத்தாமல் அடிக்கிறான். உண்மையைச் சொல்வதானால் அந்த ஓரடியே மேல். ஜேசனாக நடித்த கேன் ஹாடரே தமக்குப் பிடித்த கொலையாகச் சொல்வது இதைத்தான். குழுவின் கத்தரி அந்த ஒரு காட்சியில் மட்டும் நல்லது செய்திருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தெருமுனைக்குச் சென்று பார்த்தேன். கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை இருக்கிறது. பழைய கடைக்காரர் மகன் வீட்டோடு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, தரமதிப்பீட்டுக் குழுவில் தொடங்கி வெள்ளைக் கோடுகள் வரை எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அமெரிக்காக்காரனும் வெட்டியிருப்பான்டா, இவரும் வெட்டியிருப்பாரு."