மூக்கிலா, தொண்டையிலா? ஸ்வாபுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். ஃப்ளூ, கோவிட் இரண்டுக்கும் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் லேப் சோதனை) பார்க்கச் சொன்னார் டாக்டர். ஒரு லேபில் மூக்கின் ஆழத்தில் குச்சி விட்டு எடுப்போம் என்கிறார்கள். இன்னொன்றில் தொண்டையில் மட்டும் எடுத்தால் போதுமாம், விலையும் குறைவு. எங்கே போவது?

பதில்: முதல் லேபுக்கே போங்கள். ஃப்ளூ வைரஸ் நிறையக் கிடைப்பது மூக்கின் பின்கோடியில், அது தொண்டையோடு சேரும் இடத்தில். தொண்டையில் மட்டும் தடவி எடுத்தால், ஃப்ளூ இருந்தும் 'நெகட்டிவ்' வர வாய்ப்பு அதிகம். மிச்சம் பிடித்த பணத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஆழமாக எடுக்க அப்பா சம்மதிக்காவிட்டால், மூக்கில் ஒரு குச்சி, தொண்டையில் ஒரு குச்சி எடுத்து ஒரே குழாயில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தொண்டை மட்டும் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் கட்டினால் போதாது, எடுப்பதையும் கவனியுங்கள். குச்சி நெற்றியை நோக்கி மேலே போகக் கூடாது. அண்ணத்துக்கு இணையாக, காதைப் பார்த்துப் போக வேண்டும். மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூரத்தில் பாதியாவது உள்ளே போய், சில வினாடி நின்று, சுழன்று வர வேண்டும். கண்ணில் நீர் வரும். மூக்கு நுனியில் லேசாகத் தொட்டுவிட்டு "முடிஞ்சுது சார்" என்றால், நீங்கள் வாங்கியது வேறு, அவர்கள் கொடுத்தது வேறு. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, மூக்குத்தண்டு வளைந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து எடுப்பவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மாதிரி லேபுக்கு எப்போது போய்ச் சேரும்? குழாய் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் மூன்று தெரு சுற்றும் ஆளிடம் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் எந்த இடத்து மாதிரி என்று எழுதியிருக்கும். தொண்டையில் எடுத்துவிட்டு மூக்கு என்று போட்டிருந்தால், மறுபடி எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரிப்போர்ட் வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஃப்ளூ மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். இன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகள் குச்சியைக் கண்டாலே அலறுகிறாள். எச்சிலில் பார்க்க முடியாதா?

பதில்: கோவிட்டுக்கு முடியும், அந்த லேப் எச்சில் மாதிரியை ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், பல் தேய்த்தல் எதுவும் கூடாது. நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய உப்புநீர் கொப்பளிப்பு முறைக்கு 2021-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அனுமதி தந்தது. ஆனால் நான்கு வயதுக் குழந்தை கொப்பளிக்குமா, விழுங்குமா என்பது உங்களுக்கே தெரியும்!

லேபில் 'சளி டெஸ்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் காசநோய்க்கு இருமித் துப்பும் கோழையைக் குறிக்கும். மூக்குச்சளி, கோழை, எச்சில் மூன்றும் வேறு வேறு மாதிரிகள். சீட்டில் டாக்டர் எழுதியதை அப்படியே காட்டுங்கள்.

கேள்வி: மருந்துக்கடைக் கிட்டில் கோவிட் நெகட்டிவ். காய்ச்சல் இருக்கிறது. நாளை கல்யாணத்துக்குப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். வீட்டுக் கிட் மூக்கின் முன்பகுதியில் எடுக்கும் ஆன்டிஜென் சோதனை, அதாவது வைரஸின் புரதத்தைத் தேடுவது. வைரஸ் குறைவாக இருந்தால் கோட்டைவிடும். 2021 மே மாதத்தில் நாட்டின் முதல் வீட்டுக் கிட்டுக்கு அனுமதி தந்தபோதே, அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்றது ஐ.சி.எம்.ஆர். தவிர, கோவிட் கிட் ஃப்ளூவைக் காட்டாது. மொய்யை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.