கேள்வி-பதில்: இணையக் குழுக்களில் படிப்பதும் பாடம் நடத்துவதும்

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் "என் புரோகிராம் ஓடவில்லை, உதவுங்கள்" என்று கேட்டேன். சில நிமிடங்களில் கேள்வியை மூடிவிட்டார்கள். புதியவர்களிடம் ஏன் இவ்வளவு கறார்?

கறார்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2008-இல் தொடங்கியபோதே, கேட்பவரை உட்காரவைத்துப் பாடம் நடத்துவது அந்தத் தளத்தின் வேலையாக இருக்கவில்லை. நாளைக்கு இதே சிக்கலோடு கூகுளில் தேடி வருபவருக்குத் தெளிவான கேள்வியும் பதிலும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கேள்வி அவருக்கு உதவாது என்று பட்டால் மூடுவார்கள். முன்பே கேட்கப்பட்டது என்றால் பழைய கேள்விக்கு இணைப்புக் கொடுத்து மூடுவார்கள். கோபித்துக்கொள்ளாமல் அதைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும்.

40 வரி நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். சிக்கலுக்குத் தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதா? மேலும் நீக்குங்கள். வயதைக் கேட்டு வாங்கி அதோடு 1 கூட்டும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் மிஞ்சுவது இரண்டே வரி: ஒன்று இன்புட் வாங்குகிறது, மற்றது கூட்டுகிறது. அதன்கீழ் எழுத வேண்டியது: "20 என்று கொடுத்தேன்; 21 வரும் என்று எதிர்பார்த்தேன்; டைப் எரர் வந்தது." பிழைச் செய்தியை முழுதாக, எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் போட்டால் நிரலை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடலிலும் அகப்படாது. இவ்வளவு சுருக்கிய பிறகு, இன்புட் தருவது எண் அல்ல, 1-ஐக் கூட்ட முடியாத எழுத்துச் சரம் என்பது பலருக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். கேள்வியைப் பதிவிடவே வேண்டியிருக்காது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை எடுப்பது எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது கோப்பின் வகை (பெயரின் கடைசியில் வரும் pdf, docx போன்றது). வகைப் பெயர் நான்கெழுத்தாக இருக்கும் முதல் கோப்பிலேயே, கிடைத்த பதில் சரியானதாக இருந்தும் வேலைக்கு ஆகாமல் போகும்.

அடிப்படையே புரியவில்லை, இரண்டு மூன்று முறை திருப்பிக் கேட்டால்தான் விளங்கும் என்றால் இந்தத் தளம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் தொடக்கநிலையாளர்களுக்கென்று நடக்கும் குழுவுக்குப் போங்கள். அங்கே பேச்சு வளர்ந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் கணித ஆசிரியை. 60 மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். வாழ்த்துகளுக்கும் ஸ்டிக்கர்களுக்கும் நடுவில் சந்தேகங்கள் காணாமல் போகின்றன. ஒரே சந்தேகத்துக்குப் பத்து முறை பதில் எழுதுகிறேன்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரட்டைச் செயலியில் புதியது வந்தால் பழையது மேலே ஏறி மறைந்துவிடும்; நேற்றைய பதிலைத் தேடுவதைவிட மறுபடி கேட்பதே சுலபம்.

முதலில் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். சந்தேகங்களுக்குத் தனிக் குழு. டெலிகிராம் வசதிப்பட்டால் ஒரே குழுவுக்குள் அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பாகப் பிரிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். டெலிகிராமில் அதை மறைக்க முடியும். மாணவிகள் இருக்கும் குழுவில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்து, சந்தேகம் கேட்க ஒரு வடிவம் வையுங்கள்: அத்தியாயம், கணக்கு எண், தான் போட்டுப் பார்த்த வழியின் படம், எந்த வரியில் நின்றுவிட்டது. படம் இல்லாமல் "12-ஆவது கணக்கு வரவில்லை மிஸ்" என்று வந்தால் பதில் சொல்லாதீர்கள். படத்தைப் பார்த்தால், அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை இரண்டாவது உறுப்புக்குக் கொண்டுபோகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். படமில்லாவிட்டால் முழுக் கணக்கையும் நீங்கள்தான் போட்டுக் காட்ட வேண்டிவரும். மாணவருக்குத் தன் தவறு எங்கே என்பது கடைசிவரை தெரியாது.

கடினமானது இனிமேல்தான்: உடனே பதில் சொல்லக் கூடாது. நீங்கள் ஐந்து நிமிடத்தில் விடை தருவீர்கள் என்று தெரிந்தால் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அரை நாள் விடுங்கள். மாணவர்களே சொன்ன பதில் சரியா என்று மட்டும் பாருங்கள். தவறு என்றால் திருத்தி எழுதாமல், "மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள்" என்று விட்டுவிடுங்கள். அதிகம் கற்றுக்கொள்பவர் விளக்கம் எழுதியவர்தான். வாரம் ஒருமுறை, திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை ஒரே ஆவணத்தில் தொகுத்து அதன் இணைப்பைக் குழுவின் மேலே பின் செய்துவையுங்கள். பதினோராவது முறை யாராவது கேட்டால் பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

கேள்வி: பல குழுக்களில் இருக்கிறேன். எதிலும் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இது தப்பா?

தப்பில்லை. எழுதுபவர்கள் எங்கேயும் சிறுபான்மைதான். கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதியதுபோல, எந்தத் தொழிலிலும் புதியவர் ஓரத்தில் நின்று பார்த்தபடிதான் உள்ளே வருகிறார்.

சிக்கல் வேறு இடத்தில். நல்ல விளக்கத்தைப் படித்ததும் "இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆகவே அடுத்த கேள்வியைப் பார்க்கும்போது, கீழே இருக்கும் பதில்களைத் திறக்குமுன் உங்கள் பதிலை நான்கு வரி தாளில் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். குழுவில் பதிவிடுவது உங்கள் விருப்பம்.

கேள்வி: பயிற்சிக் கணக்காக இல்லாமல், உண்மையில் யாருக்காவது பயன்படும் வேலையில் மாணவர்களை ஈடுபடுத்த முடியுமா?

தாராளமாக. 2007-இல் கேலக்ஸி ஜூ என்ற திட்டம், விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வடிவம் பிரிக்கச் சொன்னது. ஹானி வான் ஆர்க்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் மண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்த விநோதமான திட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. ஆராய்ந்தபோது பிரம்மாண்டமான ஒளிரும் வாயு மேகம் என்று தெரிந்தது. அவர் பெயரையே வைத்தார்கள்.

உயிரியல் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளம். செடி அல்லது பூச்சியின் படம், தேதி, இடம் சேர்த்துப் பதிந்தால் மற்றவர்கள் இனம் காண்பார்கள். குறைந்தது இருவர் ஒரே இனம் என்று சொல்லி, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். வகுப்பாகச் செய்யும்போது கோணல் இங்கேதான் வருகிறது: அந்தத் தரம் கிடைக்கட்டும் என்று நண்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம், அதேதான்" என்று அழுத்துவார்கள். எத்தனை பதிவு என்று மதிப்பெண் போடாமல், இலை அடுக்கு, பூ, தண்டு மூன்றும் தெரியும்படி படம் எடுத்தார்களா, எந்த அடையாளத்தை வைத்து இனம் சொன்னார்கள் என்று பாருங்கள். தொட்டிச் செடிகளை 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்கவும், வீட்டருகே எடுத்த படங்களுக்கு இடத்தை மங்கலாக்கவும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு பதிலுக்கு நிறைய லைக் இருந்தால் நம்பலாமா?

பதிலுக்கு வயது ஏற ஏற லைக்கும் கூடிக்கொண்டே போகும்; அதை வைத்து மட்டும் நம்பாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள், மென்பொருள் என்றால் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்றும் பாருங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பச்சை டிக், கேட்டவருக்கு அது உதவியது என்பதற்கான அடையாளம் மட்டுமே. பதிலுக்குக் கீழே உள்ள கருத்துகளைத் தவறாமல் படியுங்கள். "இது பழைய முறை" என்ற எச்சரிக்கை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.