அரபு: இலக்கணம் தெரிகிறது, பேச்சு புரியவில்லை

வணக்கம் ஐயா,

இரண்டு வருடமாக அரபு படிக்கிறேன், வாரம் மூன்று மணிநேரம். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எது எழுவாய், எது செயப்படுபொருள், கடைசியில் ஏன் 'உ' வருகிறது, ஏன் 'அ' வருகிறது என்றெல்லாம் சொல்லிவிடுவேன். சமீபத்தில் எங்கள் அலுவலகத்தில் எகிப்துக்காரர் ஒருவர் சேர்ந்தார். அவர் வீட்டாரோடு போனில் பேசுவதைக் கேட்டால், நான் படித்த மொழியா இது என்று இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டேன். "அது கொச்சை, முதலில் ஃபுஸ்ஹாவை (எழுத்து வழக்கை) முடியுங்கள்" என்றார். ஹரகத் (உயிர்க்குறி) போடாத செய்தித்தாளும் ஓடமாட்டேன் என்கிறது. அரபு அவ்வளவு கடினமா, இல்லை எனக்குத்தான் மொழி வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மொழி வராதவருக்கு அரபு வேற்றுமை இவ்வளவு தூரம் பிடிபட்டிருக்காது. அந்தக் கவலையை விடுங்கள்.

கடினமா என்றால், கடினம்தான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. அங்கே அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் எல்லாம் ஒரே வரிசை: 88 வாரம், 2200 வகுப்பு மணிநேரம். ஸ்பானிஷுக்கு 30 வாரம் போதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு இது, நமக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஒரு அளவு கிடைக்கிறது. வாரம் மூன்று மணிநேரம் வீதம் நீங்கள் இதுவரை 300 மணிநேரத்தைச் சுற்றித்தான் முடித்திருப்பீர்கள். செய்தித்தாள் ஓடவில்லை என்று வருத்தப்பட இது போதாது.

எது கடினம் என்பதில்தான் பலரும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வலமிருந்து இடம், ஒட்டி எழுதுவது, இடத்துக்கு இடம் உருமாறும் எழுத்து, இதெல்லாம் ஒரு மாத வேலை. 28 எழுத்து, அதில் ஆறு தனக்கு அடுத்த எழுத்தோடு ஒட்டாது, அவ்வளவுதான். (ஒரு எச்சரிக்கை மட்டும்: உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஸீன், ஸாத், ஹதீஸில் வரும் ஸா, இன்னொரு ஸாய், நான்கையும் 'ஸ' என்றே எழுதுவீர்கள். அப்புறம் காதும் நான்கையும் ஒன்றாகவே கேட்கப் பழகிவிடும்.)

உண்மையான சிக்கல் குறில் உயிர்களை எழுதாமல் விடுவதில் இருக்கிறது. ஐன், லாம், மீம் என்று மூன்று எழுத்து பக்கத்தில் நிற்கிறது. அது 'இல்ம்' என்றால் அறிவு, 'அலம்' என்றால் கொடி, 'அலிம' என்றால் அறிந்தான், 'அல்லம' என்றால் கற்பித்தான். எது என்பதை வாக்கியம் சொல்லும். ஆனால் வாக்கியம் புரிந்தால்தானே அது சொல்லும்? அரபுக் குழந்தைக்கு இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் காதில் விழுந்தவை, கண்டதும் யூகித்துவிடும். நமக்கு அந்தக் கையிருப்பு இல்லை. வருடக்கணக்கில் ஹரகத் போட்ட பாடத்தையே கொடுத்துவிட்டு ஒருநாள் திடீரென்று எடுத்துவிட்டால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். இதற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன், பாடத்திட்டத்தைத்தான் சொல்வேன். ஹரகத்தோடு இன்று படித்த பத்தியை நாளை ஹரகத் இல்லாமல் படியுங்கள். தெரிந்த பத்தி என்பதால் பயம் இருக்காது, கண் பழகிவிடும்.

அகராதியும் இதே மாதிரிதான் படுத்தும். ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி உட்படப் பல அகராதிகள் வேர்ச்சொல் வரிசையில் இருக்கின்றன. 'இத்திஹாத்' (ஒன்றியம்) என்ற சொல்லை அலிஃபில் தேடினால் கிடைக்காது, வாவ்-ஹா-தாலில் தேட வேண்டும். அந்த வாவ் சொல்லில் எங்கே? பக்கத்துத் தாவோடு கரைந்துவிட்டது. இலக்கணம் படித்தவருக்கு மட்டுமே அது தெரியும். உங்கள் ஆசிரியர் இலக்கணத்தை அழுத்துவதற்கு இப்படி நியாயமான காரணமும் இருக்கிறது.

பேச்சு விஷயத்தில்தான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. எழுத்துக்கு ஒரு வழக்கு, வாய்க்கு ஒரு வழக்கு என்று ஒரே சமூகம் வைத்துக்கொள்வதைப் பற்றி சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் அரபு முக்கியமான உதாரணம். தமிழையும் மொழியியலாளர்கள் இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கிறார்கள். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு "தாங்கள் எங்குச் செல்கின்றீர்கள்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்துத் தெருவில் விட்டால் என்ன ஆகும்? அவர் பேசுவது எல்லோருக்கும் புரியும். "எங்க போறீங்க" என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவருக்குத்தான் புரியாது. உங்கள் எகிப்து நண்பரிடம் உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

அரபில் இடைவெளி இன்னும் அதிகம். 'இப்போது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுஸ்ஹாவில் அல்ஆன். கெய்ரோவில் தில்வஅதி, டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் ஹல்லா, பாக்தாதில் ஹஸ்ஸா, வளைகுடாவில் அல்ஹீன், மொராக்கோவில் தாபா. ஒரு நாளைக்கு நூறு முறை வாயில் வரும் சொல்லுக்கே இந்தக் கதி. பாடநூல்களோ வேறு திசையில் போகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் புழங்கும் ஒரு நூலில் முதல் பாடத்திலேயே 'ஐக்கிய நாடுகள்' என்ற தொடரை மாணவர் கற்றுக்கொள்கிறார். கதாநாயகியின் அப்பாவுக்கு அங்கே வேலை! கார்னெல் பல்கலைக்கழகத்தில் முந்திர் யூனிஸ் போன்றவர்கள் முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கலாம் என்றார்கள்: பேசுவதற்குப் பேச்சு வழக்கு, படிக்க எழுத ஃபுஸ்ஹா. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. அரபுக்காரர்கள் அப்படித்தானே வாழ்கிறார்கள்?

"எந்த வட்டார வழக்கை?" என்று உங்கள் ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. அரபு லீகில் 22 நாடுகள், அத்தனைக்கும் பொதுவானது ஃபுஸ்ஹா மட்டும்தான். குர்ஆனைப் புரிந்துகொள்ள மட்டுமே படிப்பவருக்குக் கெய்ரோப் பேச்சு தேவையே இல்லை. அவர்களுக்கு வாணியம்பாடிக்காரரான வி. அப்துர் ரஹீம் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்களுக்காக எழுதிய பாடநூலைவிட நல்ல தொடக்கம் குறைவு. 'ஹாதா பைத்துன்' (இது வீடு) என்று தொடங்கி, வேறு மொழியே கலக்காமல் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார். தாய்மொழிக்காரர் அல்லாதவர் அரபு கற்பிப்பதா என்று யாராவது இழுத்தால், அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலைச் செய்த சீபவைஹியே பாரசீகர் என்பதை நினைவூட்டுங்கள்.

தமிழராக இருப்பதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. மனிதர் அல்லாத பன்மைக்கு அரபில் பெண்பால் ஒருமை வரும். 'அல்குதுபு ஜதீதா', புத்தகங்கள் புதியது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் முழிப்பார்கள். பகுத்தறிவு உள்ளது, இல்லாதது என்று அரபு இலக்கணக்காரர்கள் பிரிப்பது நம் உயர்திணை அஃறிணைக்குப் பக்கத்தில் வருகிறது. பேச்சில் நாமும் 'மாடுங்க வந்துச்சு' என்று ஒருமையில்தானே முடிக்கிறோம்? ஒன்றன்பால் என்பதற்குப் பதில் பெண்பால் என்று வைத்துக்கொண்டால் போதும். வினையை முதலில் வைப்பது நமக்குத் தலைகீழ்தான். அது பழக்கத்தில் வந்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்களுக்கு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினையே இல்லை, எகிப்துக்காரர் பக்கத்து மேசையில் இருக்கிறார். எகிப்தியத் திரைப்படங்களால் அந்தப் பேச்சு மற்ற அரபு நாடுகளிலும் பரவலாகப் புரியும். முதலில் இரண்டு ஒலி மாற்றங்களைப் பிடியுங்கள். கெய்ரோவில் காஃப் பெரும்பாலும் தொண்டையில் விழுங்கப்படும், 'கஹ்வா' அங்கே 'அஹ்வா'. ஜீமை 'கங்கை'யின் இரண்டாவது 'க' போலச் சொல்வார்கள், ஜமீல் 'கமீல்' ஆகிவிடும். இது இரண்டும் காதில் ஏறினாலே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் கணிசமாக வெளியே வரும். ஃபுஸ்ஹா காதுக்கு, அரபில் டப் செய்த குழந்தைகள் கார்ட்டூன் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் வேற்றுமை ஒலிகளோடு திருத்தமாகப் பேசுவார்கள்.

வகுப்பை விடவேண்டாம், ஆசிரியரோடு சண்டையும் வேண்டாம். அவர் தருவது உங்களுக்குத் தேவை. வாரத்தில் ஒருநாள், பாடத்தில் வந்த ஐந்து வாக்கியங்களை எழுதி எடுத்துப்போய் "இதை உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று அந்த நண்பரிடம் கேளுங்கள். 'உங்கள் ஊரில்' என்று கேட்டால் அவரும் கொஞ்சம் திருத்திப் பேசிவிடுவார். அம்மா என்று சொன்னால் மாட்டார்.